கட்டைவிரலா, முட்டியா, குச்சியா? பாத அழுத்த சிகிச்சையில் நம் அனுபவங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து:

பாதத்திலும் கையிலும் உள்ள ஒவ்வோர் இடமும் உடம்பின் ஓர் உறுப்போடு சேர்ந்தது என்று சொல்லி அழுத்தும் முறை ரிஃப்ளெக்ஸாலஜி. கால்வலி என்று அந்தப் பக்கம் போய்வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆனால் எங்கே போனீர்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எந்த விரலால் அழுத்தினார்கள், எவ்வளவு பலமாக, வலித்தபோது என்ன செய்தார்கள் என்பதைச் சொன்னால்தான் அடுத்தவருக்கு உபயோகம். நானே தொடங்குகிறேன். பள்ளிக்கூட வேலை எனக்கு, நாள் முழுக்க நின்றே பாடம் நடத்துகிறேன். சாயங்காலமானால் உள்ளங்கால் காந்தும், குதிகால் கடுக்கும்.

காட்பாடியில் ஓர் அம்மா வீட்டிலேயே பார்க்கிறார். வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, கொஞ்சம் பவுடர் போடுவார். எண்ணெய் கிடையாது, விரல் வழுக்கினால் அழுத்தம் ஓர் இடத்தில் நிற்காதாம். இடது கையால் பாதத்தைப் பிடித்து, கால்விரல்களை லேசாகப் பின்னுக்கு வளைத்துக்கொள்வார். வலது கட்டைவிரலின் ஓரம்தான் வேலை செய்யும். முதல் கணுவை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கி, ஒரு கம்பளிப்பூச்சி நகர்வதுபோல் விரல் முன்னேறும், பின்னால் போகவே போகாது. மற்ற நான்கு விரல்களும் புறங்காலில் தாங்கலாக இருக்கும். எங்கேயாவது நறநறவென்று தட்டுப்பட்டால் அங்கே நிறுத்தி, விரலைக் கொக்கிபோல மாட்டி ஒரு சின்ன இழுப்பு. அந்த நேரம் அவர் என் காலைப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்ப்பார். நான் வாய் திறப்பதற்குள் அழுத்தம் பாதியாகியிருக்கும்.

டவுனில் போன இன்னோர் இடம் வேறு பாணி. க்ரீம் தடவி, ஆள்காட்டி விரலை மடக்கி அதன் முட்டியால் உள்ளங்காலை மேலிருந்து கீழாக இழுத்தார்கள். குதிகாலுக்கும் விரல் நுனிக்கும் மரக்குச்சி. தைவானில் பணியாற்றிய சுவிட்சர்லாந்துப் பாதிரியார் ஜோசப் யூக்ஸ்டர் பரப்பிய முறையில் இப்படி முட்டியும் பலமான அழுத்தமும் உண்டு. முறையாகக் கற்றவர் கையில் அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பார்த்தவர், நான் பல்லைக் கடித்தபோது, “வலிக்கிற இடம்தான்மா கோளாறு இருக்கிற இடம்” என்று இன்னும் அழுத்தினார். அன்று ராத்திரி கால் லேசாக இருந்தது உண்மை. காலையில் குதிகாலை ஊன்ற முடியவில்லை, ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தது.

என் கருத்து இதுதான்: வலியைப் பொறுத்துக்கொண்டால் பலன் அதிகம் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்த முறையின் வரலாறும் அப்படிச் சொல்லவில்லை. உடலை நீளவாக்கில் 10 மண்டலங்களாகப் பிரித்த அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட், விரல்களில் ரப்பர் பேண்டும் கிளிப்பும் மாட்டி விடாமல் அழுத்தம் கொடுத்தார். அவருடைய நோக்கம் மரத்துப்போக வைப்பது. அதற்கப்புறம் 1930-களில் பாதத்துக்கு வரைபடம் போட்ட யூனிஸ் இங்காம், அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுச் செய்யும் முறைக்கு மாறினார். இன்று நாம் பார்க்கும் கட்டைவிரல் நடை அவர் வழியில் வந்ததுதான்.

ஆரணியிலிருந்து:

அக்கா சொல்வது சரி. ஆனாலும் எங்கள் காலுக்கு மெல்லிய கை போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்கிறவன் நான். நாளெல்லாம் மிதிகட்டையை மிதித்து மிதித்து முன்பாதம் காய்த்துப் போயிருக்கிறது. கட்டைவிரல் நடை நடந்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் தோல் மேலேயே கை போனது, உள்ளே எட்டவில்லை. அப்புறம் முட்டியால் பார்க்கிற ஒரு பெரியவரிடம் போனேன். அவர் எடுத்த எடுப்பில் அழுத்தவில்லை. முதலில் உள்ளங்கையை வைத்துப் பாதத்தைச் சூடேற்றினார், கணுக்காலைச் சுழற்றினார், ஆடுசதையைத் தளர்த்தினார். கால் இளகின பிறகுதான் பாத வளைவில் முட்டி இறங்கியது. மூச்சை விடும்போது அழுத்தம், இழுக்கும்போது தளர்வு. வலித்தது, ஆனால் காலை இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பலமான கையா மெல்லிய கையா என்பதைவிட, அந்தக் கை எவ்வளவு நேரம் எடுத்து அங்கே போய்ச் சேருகிறது என்பதை நான் பார்க்கிறேன்.

திருவண்ணாமலையிலிருந்து:

சுருக்கமாக ஒன்று. கிரிவலம் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்துவிட்டு அன்றைக்கே போய் அழுத்தக் கொடுக்காதீர்கள். தார் ரோட்டில் வெந்த தோல் அது. கொப்புளம் எங்கே கிளம்பப்போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கழுவி, காலை உயர்த்தி வைத்துப் படுங்கள். மறுநாள் மெல்லிய கையாகப் பார்த்துப் போங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து:

ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை. காலைவிட எனக்குக் கைதான் பிரச்சினை. காட்பாடி அம்மாவிடம் நானும் போயிருக்கிறேன். உள்ளங்கையில் அவர் அழுத்தும் விதமே வேறு: காலுக்குக் கொடுக்கிற பலத்தில் கால்வாசிகூட இருக்காது. கட்டைவிரலின் சதைமேட்டைப் பிடித்து மெதுவாக உருட்டுவார், அவ்வளவுதான். வீட்டிலேயே செய்துகொள்ளச் சொல்லிக் கொடுத்தார். தூக்கம் நன்றாக வருகிறது.

சேவூரிலிருந்து:

இதையெல்லாம் படித்ததும் என் அப்பாவுக்கு நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை, பாதம் மதமதவென்று இருக்கும். உறவினர் சொல்லி ஒரு கால் மசாஜ் இடத்துக்குப் போனார். குச்சியால் அழுத்தியவர் “வலிக்குதா பெரியவரே?” என்று கேட்டிருக்கிறார். அப்பா இல்லை என்றிருக்கிறார். இன்னும் அழுத்தம், மறுபடி கேள்வி, மறுபடி இல்லை. ராத்திரி காலைத் துடைக்கும்போது பெருவிரலுக்குக் கீழே கொப்புளத்தை நான்தான் பார்த்தேன். அது உடைந்து, புண்ணாகி, ஆறுவதற்கு மாதக்கணக்கானது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். வேலூர் சி.எம்.சி மருத்துவமனையில் 1940-களின் கடைசியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கிய டாக்டர் பால் பிராண்ட் இங்கேதான் அதைக் கண்டறிந்தார். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூடும் அடியும் அழுத்தமும் பட்டுப்பட்டுத்தான் கைகால் சிதைகிறது என்று காட்டினார். வேலூர் பக்கம் கரிகிரியில் இருக்கும் தொழுநோய் மருத்துவமனையும், உணர்வில்லாத பாதத்துக்கு அழுத்தத்தைப் பரவலாக்கித் தரும் எம்.சி.ஆர் (நுண்துளை ரப்பர்) செருப்பும் அந்தப் பாடத்தோடு சேர்ந்தவை. அந்தச் செருப்பைச் சர்க்கரைக்காரர்களும் இன்று போடுகிறார்கள். வலி தெரியாத காலில் “வலிக்குதா?” என்று கேட்டு அளவு வைப்பது பெரிய ஆபத்து.

அம்மாவுக்கும் இப்போது சர்க்கரை. காட்பாடி அம்மாவிடம் அவரை அழைத்துப் போகலாமா அக்கா?

சத்துவாச்சாரியிலிருந்து:

தம்பி, அப்பாவுக்கு நடந்தது மனதைக் கஷ்டப்படுத்துகிறது. அம்மாவை எங்கே அழைத்துப் போவதானாலும் முதலில் டாக்டரிடம் பாத உணர்வுப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஒரு நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் வைத்து அழுத்துவார்கள். 10 கிராம் அழுத்தத்தில் அது வளையும். அந்தத் தொடுகை தெரியாத இடம் இருந்தால் அந்தக் காலுக்குக் குச்சி, முட்டி, கொக்கி எதுவுமே வேண்டாம். உணர்வு நன்றாக இருந்தாலும் மெல்லிய கைதான். முன்னும் பின்னும் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள், விரலிடுக்கையும் சேர்த்து. நான் கேட்டபோது, சர்க்கரை என்று சொன்னால் டாக்டரின் ஒப்புதல் இல்லாமல் காலைத் தொடமாட்டேன் என்று காட்பாடி அம்மா சொன்னார்.

இன்னொன்று, சர்க்கரை குறையும், கிட்னி சரியாகும் என்று யாராவது பாத வரைபடத்தைக் காட்டினால் நம்ப வேண்டாம். மாற்று மருத்துவ முறைகளை ஆராய்ந்த பேராசிரியர் எட்சார்ட் எர்ன்ஸ்ட் 2009-ல் 18 ஆய்வுகளை ஒன்றாக எடுத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் இது சிகிச்சை என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றே எழுதினார். உடம்பு தளர்கிறது, தூக்கம் வருகிறது, யாரோ அக்கறையாகக் காலைப் பிடிக்கிறார்கள். எனக்கு அது போதும், அதற்காகத்தான் போகிறேன். அம்மா மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், லேசான அழுத்தத்துக்கே நீலம் பாயும். ஒரு பக்க ஆடுசதை மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் யாரும் அதைப் பிசைய விடாதீர்கள். உள்ளே ரத்தக்கட்டு இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.