'நட்ஜ்': தூண்டலா, இடிப்பா, சாய்ப்பா?

ஈரோட்டிலிருந்து:
வணக்கம். கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்காக நடத்தைப் பொருளியல் (மனிதர்கள் நடைமுறையில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பார்க்கும் துறை) பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'நட்ஜ்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். 2008-இல் பொருளியலாளர் தேலரும் சட்ட அறிஞர் சன்ஸ்டீனும் பரப்பிய ஆங்கிலச் சொல். எந்த வழியையும் அடைக்காமல், காசும் காட்டாமல், தேர்வுகளை அடுக்கிவைக்கும் விதத்தாலேயே ஒருவரை ஒரு பக்கம் சாய்ப்பது. 'தூண்டல்' என்று போட்டிருக்கிறேன். சரியா?

மதுரையிலிருந்து:
தாராளமாகப் போடுங்கள் அம்மா. விளக்குத் திரியைச் சற்று மேலே தள்ளிவிடுவதும் தூண்டுதல்தான். அப்பர் 'தூண்டு சுடரனைய சோதி' என்கிறார். நெருப்பு முன்பே திரியில் இருக்கிறது, விரல்நுனி அதைக் கொஞ்சம் ஏற்றிவிடுகிறது. இதைவிடப் பொருத்தம் ஏது? தூண்டிலும் இதே வேர்தான்.

கோவையிலிருந்து:
தூண்டில் இரைகாட்டிச் சிக்கவைப்பது ஐயா. சந்தாவை நிறுத்தும் பொத்தானை ஒளித்துவைக்கும் செயலிகளுக்கு அது பொருந்தும், இதற்கு ஆகாது. உளவியலில் 'தூண்டல் – துலங்கல்' (வெளியிலிருந்து வரும் உந்துதலும் அதற்கு எழும் எதிர்வினையும்) ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ஒரே பாடத்தில் இரண்டு தூண்டல் வந்தால் மாணவர் குழம்புவார்.

இன்னொன்று. 2003-இல் ஜான்சனும் கோல்ட்ஸ்டீனும் வெளியிட்ட உறுப்புக்கொடை ஆய்வைப் பாருங்கள். ஜெர்மனியில் இசைவு 12 விழுக்காடு, ஆஸ்திரியாவில் 99.98. அங்கே யாரும் யாரையும் தூண்டவில்லை. ஆஸ்திரியாவில் மறுப்பு எழுதாதவர் எல்லாம் இசைந்தவராகக் கணக்கு, ஜெர்மனியில் நேர்மாறு. பேசாமல் இருப்பவர் எந்தப் பக்கம் விழுகிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஈரோட்டு அம்மாவே 'சாய்ப்பது' என்று எழுதிவிட்டார். 'சாய்ப்பு' என்றே வைக்கலாம்.

நெல்லையிலிருந்து:
எங்கள் பக்கம் சாய்ப்பு என்றால் வீட்டை ஒட்டி இறக்கிய கூரை. நட்ஜ் என்பது முழங்கையால் மெல்ல இடிப்பது. நட்பு எதற்கு என்று சொல்லும்போது வள்ளுவர் 'மேற்சென்று இடித்தற் பொருட்டு' (784) என்கிறார். 'இடிப்பு' இருக்க வேறு எதற்கு?

கோவையிலிருந்து:
குறளில் இடித்தல் கண்டித்துச் சொல்வது. இங்கே யாரும் வாயே திறப்பதில்லையே.

ஈரோட்டிலிருந்து:
'மென்தூண்டல்' என்றால் துலங்கலோடு மோதாது அல்லவா?

நெல்லையிலிருந்து:
மென் + தளிர் மென்றளிர் ஆவதுபோல 'மென்றூண்டல்' என்று புணர வேண்டும். இலக்கணத்தை விட்டுவிட்டுச் சொல் செய்வது எனக்கு ஒப்பவில்லை.

மதுரையிலிருந்து:
அப்படி அச்சிட்டால் பிள்ளைகள் 'மென்று' என்று படித்துவிட்டு விழிப்பார்கள். பிரித்தே எழுதலாம். மென்தூண்டலுக்கு என் ஒப்புதல்.

கோவையிலிருந்து:
நாம் வாதிட்டு முடிவெடுப்பதைவிட மாணவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிக்கலாம். ஒரே பத்தியை ஒரு பாதிக்கு 'மென்தூண்டல்' என்றும் மறுபாதிக்குச் 'சாய்ப்பு' என்றும் கொடுத்து, ஆளுக்கொரு எடுத்துக்காட்டு எழுதச் சொல்வோம். யார் சரியாகப் பிடித்தார்கள் என்று தெரிந்துவிடும்.

ஈரோட்டிலிருந்து:
செய்யத்தான் ஆசை, வெள்ளிக்குள் முடியாது. ஜூனில் வகுப்பு திறந்ததும் செய்கிறேன். இப்போதைக்கு நால்வரில் இருவர் சொன்னபடி மென்தூண்டல் அச்சுக்குப் போகிறது. திரி விளக்கம் அடிக்குறிப்பில் வரும்.

நெல்லையிலிருந்து:
மென்றூண்டல். என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள்.