ஹீட் பம்ப் வீட்டில் தெர்மோஸ்டாட்டை நாமே மாற்றலாமா?

ராலேவாசி:
வட கரோலினாவின் ராலே நகரில் நாங்கள் வாங்கியிருக்கும் வீட்டில் கேஸ் இணைப்பு இல்லை. கோடையில் குளிர்விப்பதும் குளிர்காலத்தில் சூடாக்குவதும் ஒரே ஹீட் பம்ப்தான் (வெப்பத்தை உண்டாக்காமல், உள்ளுக்கும் வெளிக்கும் இடையே கடத்தும் கருவி). கடுங்குளிருக்கு உதவியாக உள்ளே, மின்சாரத்தால் நேரடியாகச் சூடேறும் 10 கிலோவாட் ஹீட் ஸ்ட்ரிப் ஒன்றும் இருக்கிறது. கூடத்துச் சுவரில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் பழைய தெர்மோஸ்டாட்டின் எழுத்துகள் மங்கிவிட்டதால் வைஃபை வசதியுள்ள புதியது ஒன்றை வாங்கினேன். அதைப் பொருத்தித் தர ஒரு நிறுவனம் 280 டாலர் கேட்கிறது; கருவியின் விலையே அதைவிடக் குறைவு. பழையதன் மூடியைக் கழற்றிப் பார்த்ததில் ஆர், சி, ஒய், ஜி, ஓ, டபிள்யூ2 என்று ஆறு முனைகளில் ஒயர்கள் வருகின்றன; டபிள்யூ2-க்கும் அவசரச் சூட்டுக்கான இ-க்கும் இடையே ஒரு துண்டு ஒயர் பாலம்போல் போடப்பட்டிருக்கிறது. இதை நானே செய்யலாமா?

கம்பிச்சாமி:
தாராளமாகச் செய்யலாம். அந்த ஒயர்களில் ஓடுவது 24 வோல்ட் மட்டுமே. தடித்த ஒயர்கள் இரண்டோ நான்கோ சுவரிலிருந்து வந்திருந்தால் அது 240 வோல்ட் மின்சாரமாக இருக்கக்கூடும், தொடாதீர்கள் என்று சொல்லியிருப்பேன். உங்களுடையது அந்த வகையல்ல. கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயரின் நிறத்தை நம்பாமல், எந்த முனையில் இருந்ததோ அந்தப் பெயரை எழுதி ஒட்டுங்கள். முன்பு வேலை செய்தவர் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார். உங்களிடம் சி ஒயர் இருப்பதே பாதி வெற்றி, ஏனெனில் வைஃபை கருவிகளுக்குத் தேவையான தொடர் மின்சாரம் அதன் வழியாகத்தான் நிறைவு பெறுகிறது. ஒய் கம்ப்ரசருக்கும், ஜி விசிறிக்கும், டபிள்யூ2 ஸ்ட்ரிப்புக்கும் உரியவை. ஓ என்பது, சூடாக்குவதையும் குளிர்விப்பதையும் மாற்றித் தரும் ரிவர்சிங் வால்வுக்கான ஒயர்; குளிர்விக்கும்போது அதற்கு மின்சாரம் போகும். ரீம், ரூட் போன்ற சில நிறுவனங்களின் கருவிகளில் இது தலைகீழ். அங்கே பி முனைக்குச் சூடாக்கும்போதுதான் மின்சாரம் போகும். அமைப்பில் இதைத் தவறாகக் கொடுத்தால் சூடு கேட்ட வீட்டில் குளிர் வரும். மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். அரை மணி நேர வேலைக்கு 280 டாலர் தண்டம்.

மார்கழிக்குளிர்:
கம்பிச்சாமி அவர்கள் அரை மணி நேரம் என்கிறார்; எனக்கு அது ஒன்றரை நாள் ஆயிற்று. வெளியே இருக்கும் கம்ப்ரசரின் பிரேக்கரை மட்டும் அணைத்துவிட்டு மின்சாரம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். அந்த 24 வோல்ட்டைத் தரும் ட்ரான்ஸ்ஃபார்மர் வீட்டுக்குள், காற்றை அனுப்பும் பெட்டியான ஏர் ஹேண்ட்லரில் இருக்கிறது, அதற்குத் தனி பிரேக்கர் உண்டு என்பது, ஆர் ஒயரும் சி ஒயரும் உரசிக் கட்டுப்பாட்டுப் பலகையின் ஃப்யூஸ் போன பிறகுதான் தெரிந்தது. ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடந்தது அது. திங்கள் மதியம்வரை குழந்தைகளோடு கம்பளிக்குள் கிடந்தோம். இன்னொன்று: பழைய ட்ரேன் கருவிகள் சிலவற்றில் பி என்று எழுதிய முனையே பொது ஒயர், அதாவது சி. அதைக் கொண்டுபோய்ப் புதிய கருவியின் ஓ/பி முனையில் செருகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நான் உண்மையில் அஞ்சுவது ஃப்யூஸை அல்ல. அது போனால் உடனே தெரிந்துவிடும். அமைக்கும்போது ‘ஹீட் பம்ப்’ என்பதற்குப் பதிலாக ‘ஃபர்னஸ்’ (கேஸ் போன்றவற்றால் சூடாக்கும் அடுப்பு) என்று தேர்ந்தெடுத்துவிட்டால், கம்ப்ரசர் ஓடாமல் ஸ்ட்ரிப் மட்டுமே எரியும். வீடு நன்றாகவே சூடாகும், யாருக்கும் ஐயம் வராது. மாதக் கடைசியில் மின்கட்டணம் வரும்போதுதான் வயிறு எரியும்.

கம்பிச்சாமி:
இவையெல்லாம் கையேட்டைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்பதற்கான காரணங்களே தவிர, டெக்னீஷியனை அழைக்க வேண்டும் என்பதற்கானவை அல்ல. காசு கொடுத்துப் பொருத்திய என் பக்கத்து வீட்டிலும் தவறான அமைப்பை நான் திருத்தியிருக்கிறேன். சோதிப்பது எளிது: வெளியே 45 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும் ஒரு நாளில், அறை வெப்பத்தைவிட ஒரு டிகிரி மட்டும் கூட்டி வையுங்கள். கம்ப்ரசரைக் காக்கும் ஐந்து நிமிடத் தாமதம் முடிந்ததும் வெளிப்பெட்டி ஓட வேண்டும், உள்ளே இளஞ்சூடான காற்று வர வேண்டும், திரையில், ஸ்ட்ரிப் எரிவதைக் காட்டும் ‘ஆக்ஸ்’ என்ற சொல் தோன்றக் கூடாது.

கணக்குப்பிள்ளை:
நீங்கள் இருவரும் ஒயரிலேயே நிற்கிறீர்கள். வைஃபை தெர்மோஸ்டாட் வாங்குகிறவர்கள் அடுத்து என்ன செய்கிறார்கள்? இரவில் 62 டிகிரிக்கு இறக்கிவிட்டு, காலை ஆறு மணிக்கு 70 ஆக்கும்படி அட்டவணை போடுகிறார்கள். கேஸ் ஃபர்னஸ் வீட்டில் அது சேமிப்பு. இங்கே, எட்டு டிகிரி இடைவெளியைப் பார்த்தவுடன் கருவி ஸ்ட்ரிப்பையும் சேர்த்து எரித்துவிடும். 10 கிலோவாட் ஸ்ட்ரிப் ஒரு மணி நேரம் எரிந்தால் 10 யூனிட். அதே வெப்பத்தை, வெளியே 40 டிகிரி இருக்கும்போது ஹீட் பம்ப் மூன்று அல்லது நான்கு யூனிட்டில் தந்துவிடும். ஆகவே ஹீட் பம்ப் உள்ளவர்கள் ஒரே அளவில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வதே நல்லது.

கம்பிச்சாமி:
இதை நான் ஏற்கவில்லை. வீட்டிலிருந்து வெளியேறும் வெப்பம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது; இரவு முழுவதும் உள்ளே குறைவாக இருந்தால் இழப்பும் குறைவுதான். காலையில் ஸ்ட்ரிப் எரிவதுதான் அந்தச் சேமிப்பை விழுங்குகிறது. எனவே வெளியே 35 அல்லது 40 டிகிரிக்கு மேல் இருந்தால் ஸ்ட்ரிப் எரியக் கூடாது என்று பூட்டு போட்டு, நான்கு மணிக்கே கம்ப்ரசர் மெல்லத் தொடங்கும்படி வைத்தால் சேமிப்பு கையில் நிற்கும்.

கணக்குப்பிள்ளை:
ராலேயில் ஜனவரி இரவுகள் உறைநிலையை ஒட்டியே போகின்றன. பூட்டு திறந்துகிடக்க வேண்டிய இரவுகளில்தான் உங்கள் அட்டவணையும் ஓடும். மேலும் பல கருவிகள் வெளி வெப்பத்தை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றன. வைஃபை அறுந்தால் அந்தப் பூட்டு எதை நம்பும்? எட்டு டிகிரியை விட்டு இரண்டு டிகிரி இறக்குங்கள் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

ராலேவாசி:
சனிக்கிழமை காலை நானே மாற்றிவிட்டேன். மார்கழிக்குளிர் அவர்கள் சொன்னபடி இரண்டு பிரேக்கர்களையும் அணைத்து, ஏர் ஹேண்ட்லரின் மூடியைத் திறந்து, ஒவ்வொரு ஒயரும் அந்தப் பக்கத்தில் எந்த முனையில் இருக்கிறது என்பதையும் ஒப்பிட்டுக்கொண்டேன். வழக்கமாக ஜி-யில் இருக்கும் பச்சை ஒயர் இங்கே ஒய்-யில் இருந்தது. கம்பிச்சாமி அவர்களின் சோதனையில் வெளிப்பெட்டி ஓடியது, ‘ஆக்ஸ்’ வரவில்லை. அட்டவணை விஷயத்தில் இப்போதைக்கு 68 டிகிரியில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மார்கழிக்குளிர்:
மகிழ்ச்சி. டபிள்யூ2-க்கும் இ-க்கும் நடுவே இருந்த துண்டு ஒயரை என்ன செய்தீர்கள்?

ராலேவாசி:
எடுத்துவிட்டேன். புதிய கருவியில் இ என்ற முனையே இல்லை; அவசரச் சூட்டையும் அது டபிள்யூ2 வழியாகவே கேட்டுக்கொள்கிறது.