புறக்கோட்டைப் பழைய கடை முகப்பை அலுமினியத் தகடு அடித்து மூடலாமா?

குறுக்குத்தெருக்காரன்:

வணக்கம். கொழும்பு புறக்கோட்டையில் குறுக்குத் தெரு ஒன்றில் எங்களுக்குத் துணிக்கடை. தாத்தா வாடகைக்கு எடுத்தது, இன்னும் வாடகைதான். கீழே கடை, மேலே ஸ்டோர்ஸ். மேல்மாடி முகப்பில் மூன்று வளைவு ஜன்னல்கள். ஒன்றுதான் திறக்கும், மற்ற இரண்டையும் ஏசியின் வெளிப்பெட்டிகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஜன்னல்களுக்கு மேலே சாந்தில் செய்த கொடி வேலைப்பாடு. அதன்மேல் எத்தனை தடவை பெயின்ட் அடித்தார்களோ, இலை எது பூ எது என்று தெரியாத அளவுக்கு மொழுமொழுவென்று ஆகிவிட்டது.

பக்கத்துக் கடையும் எதிர்க்கடையும் சாம்பல் நிறத் தகடு அடித்துவிட்டார்கள். இப்போது கட்டிடச் சொந்தக்காரர் எங்களையும் அடிக்கச் சொல்கிறார், பாதிச் செலவு அவருடையதாம். இரண்டு விஷயம் தெரிய வேண்டும். கட்டிடத்தின் வெளித்தோற்றத்துக்கென்று கொழும்பில் சட்டதிட்டம் இருக்கிறதா? தகட்டுக்குப் பின்னால் பழைய சுவர் என்ன ஆகும்?

"கோட்டையில் கார்கில்ஸ் கட்டிடத்தை யாரும் தகரத்தால் மூடவில்லையே, நமக்கு மட்டும் ஏன்?" என்கிறார் அப்பா. அவருக்கும் ஒரு பதில் வேண்டும்.

கிராண்ட்பாஸ் நானா:

தம்பி, சட்டம் எனக்குத் தெரியாது. தகடு அடித்து மாட்டிக்கொண்டவன் என்ற முறையில் இரண்டாவது கேள்விக்குச் சொல்கிறேன்.

முதல் வருடம் கடை மாப்பிள்ளை மாதிரி இருந்தது. இரண்டாம் வருடம் ஐப்பசி மழையில் ஸ்டோர்ஸ் சுவர் ஊறி, கீழ் அடுக்கில் இருந்த சாரம் (லுங்கி) கட்டுகள் எல்லாம் பூசணம். ஆளைக் கூப்பிட்டு ஒரு தகட்டைக் கழற்றினோம். தகடுகளுக்கு இடையில் பூசிய சிலிக்கன் வெயிலில் வெடித்து, அந்த வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. உள்ளே தகட்டைத் தாங்கிய இரும்பு பொக்ஸ் பார் விரலால் அழுத்தினால் உதிர்கிறது. கடற்காற்று அடிக்கும் இடத்தில் துருவைத் தடுக்கும் ரெட் ஒக்சைட் பெயின்ட் கூட அடிக்காத இரும்பு! மேல்முனையில் ஒரு சாண் இடைவெளி, அதில் புறாக் குடும்பம். அந்த நாற்றத்தை எழுதிக் காட்ட முடியாது.

பெரிய கவலை அது இல்லை. போல்ட் இறுக்குவதற்காக ஜன்னல் மேலிருந்த பூ வேலையை உளியால் தட்டிவிட்டிருக்கிறார்கள். தகட்டைக் கழற்றினாலும் இனி பழைய முகம் வராது. வேலை செய்தவர்கள் இப்போது போனை எடுப்பதில்லை.

வரைபலகை:

பல வருடங்களாகக் கட்டிட வரைபடங்களைச் சுருட்டிக்கொண்டு அலுவலகப் படி ஏறி இறங்கியவள் நான். விதிகள் இருக்கின்றன, ஆனால் ஒரே மேசையில் இல்லை.

நகர அபிவிருத்தி அதிகார சபை 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. வீதிக்கோடு (தெருப்பக்கம் கட்டிடம் தாண்டக் கூடாத எல்லை), உயரம், விட வேண்டிய வெளி போன்றவை அதன் ஒழுங்குவிதிகளில் இருக்கும். அந்த அதிகாரத்தில் ஒரு பகுதியை மாநகர சபைக்குக் கொடுத்திருப்பதால், உங்களைப் போன்ற சின்ன வேலைக்கு முதலில் போக வேண்டிய இடம் மாநகர சபைதான். வீதிக்கோடு உங்களுக்கு முக்கியம். புறக்கோட்டையில் சுவர் ஏற்கெனவே நடைபாதை விளிம்பில் நிற்கிறது. சட்டகமும் தகடும் அதற்கு வெளியே அரை அடி வந்தால், அது உங்கள் இடம் அல்ல, தெருவின் இடம்.

அடுத்தது தொல்பொருள் திணைக்களம். பழையது என்பதற்காக எல்லாக் கட்டிடமும் தானாகப் பாதுகாப்புக்குள் வந்துவிடாது. வர்த்தமானியில் அறிவித்திருந்தால் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. உங்கள் கட்டிடமோ பக்கத்தில் உள்ளதோ பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பெயர்ப் பலகைக்கு மாநகர சபையில் தனிக் கட்டணம், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இனிச் சுவர். அந்தக் காலத்துச் சுவர் பெரும்பாலும் செங்கல் அல்லது கபுக் என்கிற செம்புரைக் கல், மேலே சுண்ணாம்புச் சாந்து. அது ஈரத்தை வாங்கும், வெயிலில் திருப்பி விட்டுவிடும். அதன்மேல் சீமெந்து பூசினாலோ பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தாலோ ஈரம் வெளியே வர வழியில்லாமல் உப்போடு சேர்ந்து பூச்சைத் தள்ளும். மேசன் பாஸ்மார் "சுவர் பழசு, அதுதான்" என்பார்கள். சுவர்மீது பிழை இல்லை, மேலே பூசியதில்தான் பிழை.

நெருப்பையும் யோசியுங்கள். இந்தத் தகடு இரண்டு மெல்லிய அலுமினியத் தாள்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது. 2017இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்த தீ, இந்த வகைத் தகடு வழியாகத்தான் மேலே ஏறியது. நெருப்புத் தாங்கும் வகையும் உண்டு, விலை கூட. மேல்மாடி நிறையத் துணி வைத்திருப்பவர் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

அப்பாவுக்குப் பதில்: கார்கில்ஸ் 1906இல் ஒரு கம்பெனி தனக்கென்று கட்டிய முழுக் கட்டிடம். முகப்பு முழுவதையும் பற்றி ஒருவரே முடிவெடுக்கலாம். உங்கள் தெருவில் ஒரே கூரையின் கீழ் நான்கு வாடகைக்காரர், நான்கு நிறம். புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலைப் பாருங்கள், 1909இல் முடிந்தது. சுற்றிலும் எத்தனை கண்ணாடியும் தகடும் வந்தாலும் மூட்டை தூக்கும் நாட்டாமைகூட வழி சொல்லும்போது அதைத்தான் சொல்கிறார்.

செட்டியார்தெரு:

தகடு அடித்தால் போர்டும் புதிதாகப் போடுவீர்கள். தமிழ் எழுத்தை நீங்களே நின்று பாருங்கள். எங்களுக்கு வெட்டித் தந்தவர் புள்ளியை எல்லாம் "அழுக்கு" என்று துடைத்துவிட்டார். "தங்கம்" என்பது "தஙகம" ஆகி ஒரு மாதம் தொங்கியது. சிங்களத்தில் ஒரு பிழை இல்லை!

குறுக்குத்தெருக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருந்தபோது ஒரு மேசன் பாஸை மேலே ஏற்றினேன். நடு ஜன்னல் ஓரத்தில் சுரண்டினார். வெள்ளை, பச்சை, ஒரு ரோஸ், மறுபடி வெள்ளை, கடைசியில் சுண்ணாம்பு. பழைய போர்டைக் கொஞ்சம் நகர்த்தினால், அதன் நிழலில் இருந்த சுவர் மட்டும் மாம்பழ மஞ்சள். தான் சின்ன வயதில் பார்த்த நிறம் அதுதான் என்று அப்பா சாதிக்கிறார்.

வரைபலகை அக்கா, மாநகர சபையில் விசாரிக்க நாளைக்கே போகிறேன். ஏசிப் பெட்டிகளைப் பின்பக்கச் சந்துக்கு மாற்றிவிட்டு, சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தால் போதும் என்பது எங்கள் எண்ணம். ஆனால் சொந்தக்காரர் தகட்டுக்குத்தான் பாதி தருவாராம், சுண்ணாம்புக்கு ஒரு சதமும் இல்லையாம்.

கிராண்ட்பாஸ் நானா:

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவரை என் கடைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் தம்பி. கழற்றிய தகட்டை இன்னும் திருப்பிப் பூட்டவில்லை. புறாக்களும் அங்கேதான்.