28 மாத பேட்டரி: வாரண்டியில் மாத்தச் சொல்றதா, முதல்ல வண்டியைப் பார்க்கிறதா?

வைகைக்கரை
மதுரையில இருந்து எழுதறேன். சின்ன பெட்ரோல் கார், 35 ஏஎச் (ஆம்பியர்-ஹவர், எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கிற அளவு) பேட்டரி, வாங்கி 28 மாசம் ஆச்சு. கார்டுல 30 மாசத்துக்கு இலவச மாற்று, அடுத்த 30 மாசத்துக்கு விலையில கழிவுன்னு போட்டிருக்கு. மூணு வாரமா காலையில செல்ஃப் எடுக்கல. சாவியைத் திருப்பினா டக் டக்னு சத்தம் மட்டும் வருது, டேஷ்போர்டு விளக்கு மங்கிப்போகுது. அம்மாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். போன செவ்வாய்க்கிழமை அஞ்சரை மணி இருட்டுல அவங்களைத் தெருமுனை வரைக்கும் நடக்க வச்சு ஆட்டோ பிடிச்சேன்.

வாங்கின கடையில ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டாங்க. காலையில லோட் டெஸ்ட் (கரண்டை இழுத்துப் பேட்டரி தாங்குதான்னு பார்க்கிறது) பண்ணிட்டு, "பேட்டரி நல்லா இருக்கு, வண்டியிலதான் கரண்ட் லீக்"னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. நிறுத்தி வச்சாலும் பதிவாகிற டேஷ்கேம் ஒண்ணு போட்டிருக்கேன், அதைத்தான் காரணம் காட்டறாங்க. ரெண்டு நாள் ஓடுச்சு, மூணாம் நாள் பழையபடி. இலவச மாற்றுக்கு இன்னும் ரெண்டே மாசம். என்ன செய்யலாம்?

நுகர்வோர்_பக்கம்
விடாதீர்கள் சார். இரண்டு மாதம் இப்படியே இழுத்தால் இலவசக் கெடு முடிந்துவிடும், அப்புறம் கழிவு விலைதான் கிடைக்கும். "டெஸ்ட் செய்தோம், சரியாக இருக்கிறது" என்பதை வாயால் சொன்னால் போதாது. தேதி, சீரியல் நம்பர், வந்த அளவு எல்லாவற்றையும் எழுதி சீல் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். தர மறுத்தால் அன்றே கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது.

பழைய_ஆட்டோ_எலக்ட்ரீஷியன்
தம்பி, ஆணையத்துக்குப் போறதுக்கு முன்னாடி பானெட்டைத் திறந்து பாருங்க. 31 வருஷம் இந்த வேலை பார்த்திருக்கேன். பேட்டரி போச்சுன்னு வந்தவங்கள்ல எத்தனையோ பேருக்கு டெர்மினல் (கம்பி மாட்டற முனை) லூசா இருக்கும், இல்ல ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்ற கருவி) சார்ஜ் பண்ணாது. புது பேட்டரியை மாட்டினாலும் ஒரு மாசத்துல அதுவும் இதே மாதிரி படுக்கும்.

வெள்ளையா பூத்திருந்தா வெந்நீர் ஊத்திக் கழுவிட்டு டெர்மினலை இறுக்குங்க. இன்ஜின் ஓடும்போது மீட்டர் வைங்க, 13.8-ல இருந்து 14.5 வோல்ட் வரணும். அப்புறம் லீக், அதாவது வண்டி நிக்கும்போதே போற கரண்ட். நெகட்டிவைக் கழட்டி, கம்பிக்கும் பேட்டரிக்கும் நடுவுல மீட்டரை 10 ஆம்பியர்ல வச்சு, கதவெல்லாம் பூட்டி அரை மணி நேரம் விடுங்க. வண்டியில இருக்கிற கம்ப்யூட்டர்கள் தூங்கின பிறகு வர்ற கணக்குதான் கணக்கு. 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா சரி. மீட்டர் அப்படி இருக்கும்போது தப்பித்தவறி செல்ஃப் அடிச்சிடாதீங்க, மீட்டர் ஃபியூஸ் போயிடும்.

நுகர்வோர்_பக்கம்
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இதில் காசு கொடுத்தவர்தான் ஓடவேண்டியிருக்கிறது. மீட்டர் வாங்கி அளந்து நிரூபிக்கிற பொறுப்பு அவருக்கு ஏன்? விற்றவர்தானே பார்த்துச் சொல்லவேண்டும்?

பேட்டரி_கடை_திருச்சி
நான் கடை வச்சிருக்கேன், கடைக்காரன் பக்கமும் கேளுங்க. வாரண்டியில மாத்திக் கொடுத்த பழைய பேட்டரி கம்பெனிக்குப் போகுது. அங்க சார்ஜ் போட்டு நல்லா இருந்துட்டா, அந்தப் பணம் எங்க கணக்குல கழியுது. வெறுமனே சார்ஜ் இறங்கின பேட்டரி வேற, கெட்டுப்போன பேட்டரி வேற. வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் ஓட்டற வண்டி, கூடவே டேஷ்கேம், அப்புறம் பேட்டரி சரியில்லைன்னு வந்தா நாங்க என்ன செய்ய? வண்டியோட மின்கோளாறுக்கும் வெளியில போட்ட சாமானுக்கும் வாரண்டி பொருந்தாதுன்னு கார்டுலயே இருக்கும், பின்பக்கம் பாருங்க.

வைகைக்கரை
எல்லாம் அளந்துட்டேன். டெர்மினல் சுத்தம். இன்ஜின் ஓடும்போது 14.2. லீக் 310 மில்லி ஆம்பியர். டேஷ்கேம் ஃபியூஸைப் பிடுங்கினா 24-க்கு இறங்குது. அப்போ தப்பு என் பேர்லதானா?

பேட்டரி_கடை_திருச்சி
310 மில்லின்னா ஒரு நாளைக்கு ஏழரை ஏஎச் கிட்ட போகுது. 35 ஏஎச் பேட்டரி ரெண்டரை நாள்ல பாதி காலி. உங்க கடைக்காரர் சொன்னது சரிதான் சார்.

நுகர்வோர்_பக்கம்
பாதி சரி. டேஷ்கேம் கரண்டை இழுக்கிறது என்பது ஒரு விஷயம், பேட்டரியில் குறை இருக்கிறதா என்பது வேறு விஷயம். முதலாவதைக் காட்டி இரண்டாவதைப் பார்க்காமலே விட்டுவிடக் கூடாது.

பழைய_ஆட்டோ_எலக்ட்ரீஷியன்
இதுல நுகர்வோர் தம்பி சொல்றதோட ஒத்துப்போறேன். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க வழி இருக்கு. பேட்டரியை முழுசா சார்ஜ் போடுங்க. ஹெட்லைட்டை ரெண்டு நிமிஷம் எரிய விட்டு அணைங்க, மேலோட்டமா நிக்கிற வோல்ட் இறங்கிடும். பத்து நிமிஷம் விட்டு அளந்து எழுதி வச்சுக்கிட்டு, நெகட்டிவைக் கழட்டி ஓரமா வைங்க. இப்ப பேட்டரிக்கும் வண்டிக்கும் தொடர்பே இல்லை. ஒன்றரை நாள் கழிச்சு மறுபடி அளங்க. அப்பவும் இறங்கினா அது டேஷ்கேம் இழுத்தது இல்லை. மூடி திறக்கிற பேட்டரின்னா, உள்ளே இருக்கிற ஆறு செல்லுக்கும் (தனித்தனி அறை) ஹைட்ரோமீட்டர்ல கிராவிட்டி, அதாவது ஆசிட்டோட அடர்த்தி பாருங்க. ஆசிட் கண்ணுல படக்கூடாது, கண்ணாடி போட்டுக்கோங்க. கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது அது கடைசியில.

வைகைக்கரை
வியாழன் ராத்திரி கழட்டும்போது 12.54. சனி காலையில 12.32. ஸ்டிக்கருக்கு அடியில ஆறு மூடி இருந்துச்சு, காசை வச்சுத் திருகினேன். தெரு மெக்கானிக்கிட்ட ஹைட்ரோமீட்டர் வாங்கி ஒவ்வொண்ணா உறிஞ்சிப் பார்த்தேன். அஞ்சு செல்லுல மிதவை 1.235, 1.240-ல நிக்குது. பாசிட்டிவ் பக்கத்துல இருந்து நாலாவது செல்லுல மட்டும் மிதவை ரொம்பத் தாழ்ந்து நிக்குது, 1.090. ரெண்டு தடவை பார்த்தேன். நெகட்டிவை மாட்டி செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் 8.7-க்கு விழுது.

பழைய_ஆட்டோ_எலக்ட்ரீஷியன்
முடிஞ்சது தம்பி. கிராவிட்டியோட 0.84 கூட்டினா அந்த செல்லோட வோல்ட் கிட்டத்தட்ட வரும். நல்ல செல் 2.08, உங்க நாலாவது செல் 1.93. அஞ்சையும் இதையும் கூட்டிப் பாருங்க, உங்க மீட்டர் காட்டின 12.32 கிட்டயே வரும். அளவு பொய் சொல்லல.

கடைக்காரரே, நான் முதல்ல உங்க பக்கம்தான் பேசினேன். ஆனா ஆறு செல்லும் வரிசையா கோத்திருக்கு, ஒரே கரண்ட்தான் ஆறு வழியாவும் ஓடுது. டேஷ்கேம் இழுத்திருந்தா ஆறும் சேர்ந்துதான் இறங்கணும். ஒண்ணு மட்டும் படுத்திருக்குன்னா கோளாறு அந்த செல்லுக்குள்ளதான். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு கையோட லோட் டெஸ்ட் பண்ணினா இது தப்பிச்சிடும். ஒரு நாளாவது சும்மா வச்சுட்டுப் பார்க்கணும்.

பேட்டரி_கடை_திருச்சி
இந்த அளவோட என் கடைக்கு வந்திருந்தா நானே மாத்திக் கொடுப்பேன். ஒத்துக்கறேன். ஆனா அந்த டேஷ்கேமைச் சரி பண்ணாம புதுசை மாட்டாதீங்க. அடிக்கடி பாதிக்குக் கீழ இறங்கினா தகட்டுல சல்பேட் இறுகிடும், அப்போ ஆறு செல்லும் சேர்ந்து போகும். அதுக்கு எவனும் வாரண்டி தரமாட்டான்.

வைகைக்கரை
ஆறு செல் அளவையும் தேதியோட தாள்ல எழுதி, மிதவை தெரியற மாதிரி போட்டோ எடுத்துக் கடைக்குப் போனேன். "சார்ஜ் போட்டு 24 மணி நேரம் சும்மா வச்சுட்டு டெஸ்ட் பண்ணுங்க, வர்ற அளவை எழுதிக் கொடுங்க"ன்னு கேட்டேன். அதுவரைக்கும் ஓட்ட ஒரு பேட்டரி கொடுத்தாங்க. மறுநாள் சாயங்காலம் போன் வந்துச்சு, மாத்தித் தர்றோம்னு. புது பேட்டரி கிடைச்சிடுச்சு. ஆனா கார்டுல பழைய தேதியே தொடருதாம். இலவச மாற்றுக்கு இன்னும் ரெண்டு மாசம்தான்.

நுகர்வோர்_பக்கம்
இதை ஏற்கவே முடியாது. குறையுள்ள பொருளை அவர்கள் கொடுத்திருக்கிறார்கள். புதுப் பொருளுக்குப் புதுக் கெடு வேண்டும்.

பேட்டரி_கடை_திருச்சி
மாற்றுப் பேட்டரிக்கு முதல் பேட்டரியோட மிச்ச காலம்தான்னு வாங்கும்போதே கார்டுல அச்சடிச்சிருக்கு சார். 60 மாசத்துக்கு ஓடற பேட்டரி தர்றோம்ங்கிறதுதான் பேச்சு. ஒவ்வொரு தடவையும் புதுசா எண்ண ஆரம்பிச்சா அதுக்கு முடிவே இல்லை.

நுகர்வோர்_பக்கம்
அச்சடித்துவிட்டால் அது நியாயமாகிவிடுமா? கெடு முடிந்தபின் கொடுக்கிற கழிவையும் பாருங்கள். அச்சிட்ட விலையில்தான் கழிக்கிறீர்கள். எடுத்துக்காட்டுக்கு 5,000 ரூபாய் அச்சு விலையில் 30 சதவீதம் கழித்தால் 3,500. பழையதும் உங்களுக்கே போய்விடும். அதே பேட்டரியைப் பழையதைக் கொடுத்து வெளியே வாங்கினால் அநேகமாக அதே விலைதான் வரும். இந்த 30 மாதத்தால் அவருக்கு என்ன லாபம்?

பேட்டரி_கடை_திருச்சி
கழிவு விஷயத்துல பதில் சொல்ல முடியல. நானே வாடிக்கையாளர்கிட்ட ரெண்டு விலையும் போட்டுக் காட்டி, எது குறைவோ அதை எடுத்துக்கச் சொல்றேன்.

பழைய_ஆட்டோ_எலக்ட்ரீஷியன்
தம்பி, அந்த ரெண்டு மாசம் முடியறதுக்கு ஒரு வாரம் முன்னாடி மறுபடி ஆறு செல்லையும் பாருங்க. புது சீரியல் நம்பரைக் கார்டுல எழுதி சீல் வாங்கிட்டீங்களா?

வைகைக்கரை
வாங்கிட்டேன் அண்ணே. டேஷ்கேம் வயரை சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற ஃபியூஸுக்கு மாத்தியாச்சு. லீக் இப்போ 24. இன்னைக்குக் காலையில அஞ்சரைக்கு அம்மாவை வாசல்லயே ஏத்திக்கிட்டேன்.