ஹைப்ரிட் காரில் கூலண்ட் குறைகிறது, எங்கே போகிறது?

நண்பர்களே, ஒரு குழப்பம். என் ஹைப்ரிட் காரில் இரண்டு கூலண்ட் (சூட்டைத் தணிக்கும் திரவம்) டேங்க் உண்டு: ஒன்று இன்ஜினுக்கு, இன்னொன்று இன்வெர்ட்டருக்கு (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் கருவி). இன்வெர்ட்டர் பக்கம் அளவு அசையவே இல்லை. இன்ஜின் பக்கம்தான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 'லோ' கோட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. தரையில் ஒரு சொட்டு ஈரம்கூடக் கிடையாது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். ரேடியேட்டரின் அலுமினியப் பகுதியும் பிளாஸ்டிக் பகுதியும் சேரும் ஓரத்தில், இளஞ்சிவப்பாக உப்புப் பூத்த மாதிரி ஒரு கறை. கீழே நாலைந்து ஃபின்களும் (சூட்டை வெளியேற்றும் மெல்லிய தகடுகள்) மடங்கியிருக்கின்றன, கல் பட்டிருக்கும். சூட்டில் கசிந்து அங்கேயே ஆவியாகிவிடுகிறது என்பது என் ஊகம். மெக்கானிக்கோ பார்த்த மாத்திரத்தில் "ஹெட் கேஸ்கெட்" (இன்ஜினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டது என்கிறார். அழுத்தம் கொடுத்துக் கசிவைக் கண்டுபிடிக்கும் பிரஷர் டெஸ்ட்கூடச் செய்யவில்லை! கேஸ்கெட் போனதற்கான அறிகுறிகளும் இல்லை: வெள்ளைப் புகை வரவில்லை, ஆயிலும் பால் கலந்த மாதிரி ஆகவில்லை.

இதே பாடு பட்டவர்கள் யாராவது உண்டா? ரேடியேட்டரை மட்டும் மாற்றினால் போதுமா, எலெக்ட்ரிக் வாட்டர் பம்பையும் பார்க்கச் சொல்லவா? அப்புறம், புதுக் கூலண்ட் ஊற்றியபின் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற ஸ்கேனர் (காரின் கணினியோடு இணைக்கும் கருவி) வைத்துப் பம்பை ஓடவிட வேண்டும் என்கிறார்களே, வீட்டிலேயே முடியுமா? லீக் அடைக்கும் திரவத்தை மட்டும் ஊற்றச் சொல்லாதீர்கள். ஓட்டையோடு ரேடியேட்டர் குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடுமோ என்று பயம்.