75-ஐத் தாண்டினா ஹேண்டில்பார்ல அதிர்வு, வலது கை விரல் மரத்துப்போகுது: எங்கே தேடணும்?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். என் வண்டி 350 சிசி, ஒத்தை சிலிண்டர். ஆறு வருஷம் ஆச்சு, 41,000 கி.மீ. ஓடியிருக்கு. அப்பாவைப் பார்க்க வாராவாரம் மதுரையிலிருந்து திருநெல்வேலி போய் வரணும். நாலுவழிச் சாலை, ஒரு பக்கம் 160 கி.மீ. போல வரும்.

ரெண்டு மாசமா சாத்தூர் வர்றதுக்குள்ளேயே வலது கை சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயிடுது. கோவில்பட்டியில டீக்கு நிறுத்தினா கிளாஸைப் பிடிச்சிருக்கிறதே தெரியலை. போன வாரம் ஊர்ல அப்பாவுக்குச் சட்டை பட்டன் போட்டுவிடப் பார்த்தேன், விரல் சொன்னபடி கேட்கலை. அன்னைக்குத்தான் பயந்துட்டேன்.

70 வரைக்கும் ஒண்ணுமில்லை. 75-ல ஆரம்பிச்சு 80, 85-ல உச்சம். கண்ணாடியில பின்னாடி வர்ற லாரி கலங்கலாத்தான் தெரியும். 90-ல கொஞ்சம் அடங்குது.

பஞ்சு கிரிப் போட்டேன், ஜெல் வெச்ச கையுறை வாங்கினேன், ரெண்டு சக்கரத்தையும் பேலன்ஸ் பண்ணினேன். ஒண்ணும் மாறலை. "ஒத்தை சிலிண்டர்னா அப்படித்தான் இருக்கும்"னு மெக்கானிக் சொல்லிட்டார். ஆனா முதல் அஞ்சு வருஷம் இப்படி இல்லையே. எட்டு மாசம் முன்னாடி அகலமான ஹேண்டில்பார் மாத்தினேன். அப்ப இருந்தே லேசா கூச்சம் இருந்தது. இப்ப ரெண்டு மாசமாத்தான் தாங்க முடியலை.

பழைய பட்டறை:
தம்பி, இனிமே எதையும் வாங்காதீங்க. அதிர்வு எஞ்சினோடதா, சக்கரத்தோடதான்னு முதல்ல பிரிச்சிடுவோம்.

சக்கரம் ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 2 மீட்டர் ஓடும். 80 கி.மீ. வேகத்துல நொடிக்கு 11 தடவை சுத்தும். சக்கரத்துல கோளாறுன்னா ஹேண்டில் ஆடும், கண்ணால பார்க்கலாம். அதே வேகத்துல உங்க எஞ்சின் 4,200 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை சுத்து) பக்கம் ஓடுதுன்னு வைங்க, நொடிக்கு 70 சுத்து. அது ஆட்டமா தெரியாது, ரீங்காரமாத்தான் வரும். விரல் மரக்குதுன்னு நீங்க சொல்றப்பவே எனக்கு எஞ்சின் மேலதான் சந்தேகம்.

ரெண்டு சோதனை செய்யுங்க. வண்டி சூடான பிறகு நிறுத்தி, நியூட்ரல்ல அதே சத்தம் வர்ற அளவுக்கு ஆக்சிலேட்டரைத் திருகிப் பாருங்க. அடுத்தது, பின்னாடி வண்டி வராத இடத்துல, 80-ல போறப்ப கிளட்சைப் பிடிச்சு ஆக்சிலேட்டரை விடுங்க. என்ன ஆச்சுன்னு எழுதுங்க.

வைகைக்கரை:
நியூட்ரல்லயே அப்படியே அதிருது அண்ணே. ஓட்டத்துல கிளட்சைப் பிடிச்சதும் சட்டுனு நின்னுடுச்சு.

பழைய பட்டறை:
அப்ப டயர், செயின், கோன் செட் (ஹேண்டில் திரும்புற இடத்துல இருக்கிற பேரிங்) எல்லாத்தையும் விட்டுடலாம். எஞ்சினும், அதைக் கையோட சேர்க்கிற இரும்பும்தான் மிச்சம்.

பிஸ்டன் மேலேயும் கீழேயும் போறதால வர்ற உதைப்பை ஒத்தை சிலிண்டர்ல முழுசா அடக்க முடியாது. பிஸ்டனோட சேர்ந்து சுத்துற தண்டான கிராங்குல எடை வெச்சு ஒரு பாதியைச் சமன் செய்வாங்க. எதிர்த்திசையில உதைக்கிற எடையோட சுத்துற பேலன்சர் ஷாஃப்ட் இருந்தா இன்னும் குறையும். அந்த உதைப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும்: ஆர்பிஎம் 20 சதவீதம் கூடினா உதைப்பு 44 சதவீதம் கூடும். ஆனா 90-ல அடங்குதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் முக்கியம். எஞ்சின் மட்டும்னா 90-ல இன்னும் மோசமாகணும். நடுவுல ஒரு வேகத்துல மட்டும் உச்சம்னா வேற ஏதோ ஒண்ணு எஞ்சினோட சேர்ந்து பாடுது.

எஞ்சினைச் சட்டத்தோட பிடிச்சு வெச்சிருக்கிற மவுண்டிங் போல்ட் ஒவ்வொண்ணையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. வாஷரைச் சுத்தி செம்பழுப்பாப் பொடி படிஞ்சிருந்தா அங்கே இரும்பும் இரும்பும் உரசுதுன்னு அர்த்தம். பெயின்ட் தேஞ்சு பளபளன்னு வளையம் மாதிரி இருந்தாலும் அதேதான். தளர்ந்ததை மட்டும் முறுக்கி விட்டுடாதீங்க. எல்லாத்தையும் கொஞ்சம் தளர்த்தி, எஞ்சினை அதன் இடத்துல உட்கார விட்டு, அப்புறம் சர்வீஸ் மேனுவல்ல இருக்கிற வரிசையில, அதுல போட்டிருக்கிற அளவுக்கு டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம்னு அளந்து காட்டுற ஸ்பேனர்) வெச்சு இறுக்கணும். கைக்கணக்கு இங்கே உதவாது. பழைய நைலான் நட்டை (தளராம இருக்க உள்ளே நைலான் வளையம் வெச்ச நட்டு) திருப்பிப் போடவே போடாதீங்க.

நெடுஞ்சாலை நிலா:
அண்ணன் சொன்ன "சேர்ந்து பாடுறது" அந்தப் புது ஹேண்டில்பார்தான்னு நினைக்கிறேன். எனக்கும் இதே கதை. பழைய பாரை வெச்சிருக்கீங்களா? அதோட ரெண்டு முனையிலயும் இரும்புக் கட்டி இருக்கும். பலரும் அதை அலங்காரம்னு நினைச்சுக் கழட்டிடுறாங்க. ஒவ்வொரு பாருக்கும் தானா அதிர்ற ஒரு வேகம் உண்டு. முனையில எடை கூடினா அந்த வேகம் கீழே இறங்கும். அகலமான, எடையில்லாத பாரோட அந்த வேகமும் எஞ்சின் 80-ல கொடுக்கிற துடிப்பும் ஒண்ணா விழுந்தா உங்க விரல்தான் மாட்டும்.

வெயிட் போடறப்ப ஒண்ணு. வலது பக்கம் ஆக்சிலேட்டர் குழாய்க்கும் வெயிட்டுக்கும் நடுவுல 1, 2 மி.மீ. இடைவெளி விடணும். உரசினா ஆக்சிலேட்டர் திரும்பி வராது, அது உயிருக்கே ஆபத்து. ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் விட்டுப் பாருங்க. டக்குனு மூடிக்கணும்.

சுவடு:
நான் பிசியோதெரபிஸ்ட். சுண்டுவிரலும் மோதிர விரலும்னா அல்னார் நரம்பு. உள்ளங்கையில சுண்டுவிரல் பக்க மேட்டுக்குக் கீழே ஓடுது. அகலமான பார்ல மணிக்கட்டு வெளிப்பக்கமா மடங்கி, உடம்பு பாரம் அந்த மேட்டு மேலேயே விழும். பஞ்சு கிரிப் கனமா இருக்கிறதால நீங்க இன்னும் இறுக்கிப் பிடிப்பீங்க; இறுக்கிப் பிடிச்சா அதிர்வு கைக்குள்ள இன்னும் நல்லா ஏறும். அதைக் கழட்டிடுங்க. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கிக் கையை உதறுங்க. மறுநாள் காலையிலயும் மரமரப்பு இருந்தா, இல்லை பிடிமானம் குறைஞ்சா, வண்டி சரியாகட்டும்னு காத்திருக்க வேண்டாம், நரம்பியல் மருத்துவர்கிட்டே போங்க.

கடலோரன்:
ஹேண்டில்ல போன் மாட்டியிருந்தா அதையும் எடுத்துடுங்க. இந்த மாதிரி அதிர்வு கேமராவைக் கெடுக்கும்னு 2021-ல ஆப்பிளே எச்சரிச்சிருக்கு.

வைகைக்கரை:
பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

முன்பக்கக் கீழ் மவுண்டிங்ல அண்ணன் சொன்ன அதே செம்பழுப்புப் பொடி. விரலால தொட்டா மிளகாய்ப்பொடி மாதிரி ஒட்டுச்சு. ரிங் ஸ்பேனரை வெச்சதும் நட்டு அரைச் சுத்து சும்மா சுத்துச்சு. டார்க் ரெஞ்ச் இருக்கிற ஒரு பட்டறையில முழுசாத் தளர்த்தி, புது நட்டு போட்டு, மேனுவல் வரிசைப்படி இறுக்கினோம். நியூட்ரல் சோதனையில பாதி குறைஞ்சது. ரெண்டு மாசக் கதை அதோட முடிஞ்சது. ஆனா அந்த எட்டு மாசக் கூச்சம் அப்படியே இருந்தது.

பரண்ல பழைய பார் கிடந்தது. முனைக் கட்டியைக் கழட்டிப் பலசரக்குக் கடைத் தராசுல வெச்சேன்: ஒவ்வொண்ணும் 190 கிராம். புது பார்ல இருந்தது வெறும் பிளாஸ்டிக் மூடி. அதே எடைக்கு வெயிட் வாங்கி, இடைவெளி விட்டு மாட்டினேன். பாரைப் பிடிக்கிற கிளாம்ப்பையும் பார்ல இருக்கிற புள்ளிக்கு நேரா வெச்சு இறுக்கினேன், பார் கொஞ்சம் முன்னாடி திரும்பியிருந்தது. பஞ்சு கிரிப்பையும் எடுத்துட்டேன்.

இப்ப 80-ல கண்ணாடியில லாரியோட ரெண்டு ஹெட்லைட்டும் தனித்தனியாத் தெரியுது. லேசா ஒரு ரீங்காரம் 65 பக்கம் வருது, அதைத் தாண்டினா இல்லை. ஞாயித்துக்கிழமை கயத்தாறு வரைக்கும் நிறுத்தாமப் போனேன், விரல் விரலாவே இருந்தது. சுவடு சொன்னதுக்காக இனிமே சாத்தூர்லயே இறங்கிடுவேன். காலையில மரமரப்பு இல்லை. அப்பாவோட பட்டன் எல்லாத்தையும் நானே போட்டுவிட்டேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

அண்ணே, அந்த 65 ரீங்காரத்தை என்ன பண்றது?

பழைய பட்டறை:
ரொம்ப சந்தோஷம் தம்பி. வெயிட் போட்டதால உச்சம் கீழே இறங்கியிருக்கு, அவ்வளவுதான். 65-ல நீங்க நிக்கப் போறதில்லை, கடந்துதான் போறீங்க, அதனால விட்டுடுங்க. 500 கி.மீ. ஓடினதும் மவுண்டிங் போல்ட் எல்லாத்தையும் ஒரு தடவை டார்க் பாருங்க. உரசித் தேஞ்ச இடம் புதுசா உட்காரும், முதல் தடவை கொஞ்சம் தளரும்.