பாட்டு நான் போட்டது, ஹிட்டான பிட் நண்பன் போட்டது. இசை என்று யார் பெயர் வரவேண்டும்?

மொட்டைமாடி_கிட்டார் கேட்டது:

நானும் என் நண்பனும் சேர்ந்து தனிப்பாடல்கள் செய்கிறோம். வரி, மெட்டு இரண்டும் என்னுடையவை. கிட்டாரில் பாடி வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக அனுப்பிவிடுவேன். அவன் வளசரவாக்கத்தில் தன் வீட்டு அறையில் உட்கார்ந்து கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாற்றி, ரிதம் போட்டு, மிக்ஸ் வரை முடித்துக் கொடுப்பான். காசு வராத வரை இதில் தகராறுக்கே இடமில்லாமல் இருந்தது.

கடைசியாக வந்த பாட்டில் பல்லவிக்கு முன்னால் நாதஸ்வரம் மாதிரி சின்தசைசரில் ஒரு பிட் வாசித்திருக்கிறான், எட்டு பார் (தாளச் சுற்று) நீளம். ரீல்ஸில் ஜனம் வெட்டிப் போடுவது அதைத்தான், என் பல்லவியை யாரும் சீண்டவில்லை. இப்போது ஒரு வெப் சீரிஸ்காரர்கள் பாட்டைக் கேட்டிருக்கிறார்கள். அப்லோடு செய்தபோது படிவத்தில் ‘பாடல், இசை: நான், புரோகிராமிங்: அவன்’ என்று போட்டிருந்தேன் (புரோகிராமிங் என்றால் கம்ப்யூட்டரில் வாத்திய ஒலிகளை அடுக்குவது). இசையில் தன் பெயரும் வரவேண்டும் என்கிறான். மெட்டு போட்டவன்தானே இசையமைப்பாளர்? நம் சினிமாவில் அப்படித்தானே நடக்கிறது?

டிகிரி_காபி:

பாதிப்பாதி போட்டுவிட்டு அடுத்த பாட்டைப் பாருங்கள் பாஸ். இதற்கெல்லாம் ஒரு இழையா?

பழைய_ரோலண்டு:

தம்பி, நான் கோடம்பாக்கம், வடபழனி ஸ்டூடியோக்களில் கீபோர்டு வாசித்து, அப்புறம் புரோகிராமிங்குக்கு மாறியவன். உங்கள் நண்பன் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் பேசுவேன். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

நீங்கள் சொல்லும் சினிமா வழக்கம் உண்மைதான். ஆர்மோனியத்தை வைத்துப் பாடினால் எது மிஞ்சுமோ அது இசையமைப்பாளருடையது, மற்றதற்கெல்லாம் கால்ஷீட் கணக்கில் சம்பளம். ஒரு படத்தில் இரண்டாவது இன்டர்லூடுக்கு (இடையிசைக்கு) நோட்ஸே எழுதவில்லை. “ஏதாவது வாசிப்பா, பார்க்கலாம்” என்றார் இசையமைப்பாளர். வாசித்தேன், அப்படியே வைத்துக்கொண்டார். இன்றைக்கும் கல்யாண ரிசப்ஷனில் மெல்லிசைக் குழுக்காரர்கள் அந்த இடத்தை ஒரு ஸ்வரம் பிசகாமல் வாசிக்கிறார்கள். வவுச்சரில் கையெழுத்துப் போட்டு வாங்கிய தொகையோடு எனக்கு அது முடிந்தது. வருத்தமெல்லாம் இல்லை, பேசிய வேலைக்குப் பேசிய காசு.

ஆனால் உங்கள் நண்பன் உங்களிடம் கால்ஷீட்டுக்கு வரவில்லையே. சம்பளம் கொடுத்தீர்களா? இல்லையென்றால் சம்பளக்காரனுக்கான கணக்கை அவன் மேல் எப்படிப் போடுவீர்கள்?

அந்த ஆர்மோனியக் கணக்கும் எல்லா இடத்திலும் செல்லாது. புரோகோல் ஹாரம் என்று ஒரு இங்கிலாந்துக் குழு. 1967இல் வந்த ‘எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்’ பாட்டைக் கேட்டுப் பாருங்கள். முதலில் காதில் விழுவது ஆர்கன். வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். பாட்டு கேரி புரூக்கர், கீத் ரீட் இருவர் பெயரில் மட்டும் இருந்தது. ஃபிஷர் 2005இல் வழக்குப் போட்டார். அந்த ஆர்கன் பகுதி தனிப் படைப்புதான் என்று சொல்லி, இசை உரிமையில் 40 சதவீதம் கொடுத்தது நீதிமன்றம். அப்பீலில் அந்தப் பங்கு பறிபோய், 2009இல் அப்போது அங்கே கடைசி அப்பீல் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய்த் திரும்பக் கிடைத்தது. ஆனால் அவர் உரிமை கேட்ட நாளுக்கு முந்தைய வருமானத்தில் ஒரு பென்னி கூடக் கிடையாது. கிட்டத்தட்ட நாற்பது வருடத்துக் காசு போச்சு.

அது இங்கிலாந்துத் தீர்ப்பு, இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. யோசிக்க உதவும், அவ்வளவுதான். பிட்டை எடுத்துவிட்டால் அது வேறு பாட்டாகிவிடுமா? வெறும் அலங்காரமா? இதைச் சொல்ல உங்கள் இருவரைத் தவிர ஆளில்லை.

லஸ்கார்னர்_லிவர்பூல்:

நான் டிகிரி காபி கட்சி, காரணத்தோடு. யார் எவ்வளவு செய்தார்கள் என்று பாட்டுக்குப் பாட்டு அளக்க ஆரம்பித்தால் ஒத்திகையிலேயே அவனவன் தன் பிட்டை நுழைக்கத்தான் பார்ப்பான். ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் குழு நான்கு பேர் பெயரையும் சேர்த்தே போட்டார்கள். நம்மூரில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி. ஆர்மோனியக்காரர் ஒருவர், வயலின்காரர் ஒருவர், டைட்டிலில் ஒரே பெயர். எந்தப் பாட்டில் யார் கை ஓங்கியது என்று நாம்தான் இன்னும் டீக்கடையில் சண்டை போடுகிறோம். 1965இல் பிரிந்தார்கள், 1995இல் ஒரு படத்துக்கு மறுபடி சேர்ந்தார்கள். நடுவில் என்ன மனஸ்தாபம் இருந்தாலும், சேர்ந்து செய்த பாட்டுகள் சேர்ந்த பெயரிலேயே இருக்கின்றன.

ஒரே ஒரு எச்சரிக்கை: பெயர் வரிசையையும் இப்போதே பேசிவிடுங்கள். பீட்டில்ஸ் குழுவின் லெனனும் மெக்கார்ட்னியும் யார் எழுதினாலும் இருவர் பெயர் என்று முடிவு செய்தவர்கள். ‘யெஸ்டர்டே’ மெக்கார்ட்னி தனியாகப் போட்டது, ரிக்கார்டிங்கில்கூட பீட்டில்ஸில் வேறு யாரும் வாசிக்கவில்லை, ஆனாலும் லெனன் பெயர் முன்னால். 2002இல் ஒரு லைவ் ஆல்பத்தில் 19 பாட்டுகளுக்கு மெக்கார்ட்னி தன் பெயரை முன்னால் மாற்றிப் போட, லெனனின் மனைவி யோகோ ஓனோ தரப்பு எதிர்த்தது. கோடி கோடியாகச் சம்பாதித்த ஆளுக்கே அந்த உறுத்தல் போகவில்லை!

சந்தக்கவி:

பாடலாசிரியன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த நடைமுறையைச் சொல்கிறேன். ‘பாதிப்பாதி’ என்கிறீர்களே, எதில் பாதி? நம் சட்டப்படி வரி ஒரு படைப்பு, இசை இன்னொரு படைப்பு, ரிக்கார்டிங் மூன்றாவது. இசை என்பதற்கான விளக்கத்திலேயே வார்த்தைகள் சேராது என்று இருக்கிறது. ஆகவே வரி முழுக்க உங்களுடையது, அதில் நண்பனுக்கு வேலையில்லை. பேச வேண்டியது இசையைப் பற்றியும் ரிக்கார்டிங்கைப் பற்றியும்தான்.

காசும் இரண்டு வழியாக வருகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டை ஸ்ட்ரீமிங் ஆப்களில் ஏற்றித் தரும் நிறுவனம்) மூலம் ஸ்ட்ரீமிங்கில் வருவது பெரும்பாலும் ரிக்கார்டிங்குக்கு உரியது. அறையும் மைக்கும் மிக்ஸிங்கும் அவனுடையவை என்றால் அங்கே அவன் பங்கு உங்களைவிடக் கூடுதலாகக்கூட இருக்கலாம். வரிக்கும் மெட்டுக்குமான ராயல்டி, அதை வசூலித்துப் பிரித்துத் தரும் ஐபிஆர்எஸ் என்ற சங்கத்தின் வழியாக வரும். அங்கே வழக்கமான கணக்கு பப்ளிஷருக்கு (பாட்டின் உரிமையை வைத்திருப்பவருக்கு) 50 சதவீதம், இசையமைத்தவருக்கு 25, எழுதியவருக்கு 25. இசையில் இரண்டு பெயர் போட்டால் அந்த 25ஐத்தான் இருவரும் பிரித்துக்கொள்வீர்கள், உங்கள் பாடலாசிரியர் பங்கு குறையாது. நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் போய்விடாது.

வெப் சீரிஸ் ஒப்பந்தத்தை வரிக்கு வரி படியுங்கள். எழுதுகிறவருக்கும் இசையமைக்கிறவருக்கும் ராயல்டி பங்கைக் கைவிட முடியாத உரிமையாக்கியது பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம். அதற்கு முன் 1977 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பலத்தில் பாட்டு மொத்தமும் படத் தயாரிப்பாளருக்கே போய்க்கொண்டிருந்தது. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருடம், எந்தெந்த நாடு என்று குறிப்பிடச் சொல்லுங்கள். குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘உலகம் முழுவதும், நிரந்தரமாக’ என்று முன்கூட்டியே அச்சடித்து வைத்திருப்பார்கள், பேனாவால் அடிக்கக் கூச்சப்படாதீர்கள்.

மொட்டைமாடி_கிட்டார்:

நன்றி அனைவருக்கும். ரோலண்டு அண்ணா கேட்டதற்குப் பதில்: சம்பளம் எதுவும் கொடுத்ததில்லை. அந்தப் பிட் இரண்டாவது சரணத்துக்கு அப்புறமும் வருகிறது. அதோடு போய் உட்காரவேண்டும் என்று பல்லவியின் கடைசி வரியை மேல் ஸ்தாயியில் முடிக்கச் சொன்னதும் அவன்தான், அப்படித்தான் பாடியிருக்கிறேன்.

இதற்கு முன் வந்த பாட்டுகளையும் மாற்றவேண்டுமா?

பழைய_ரோலண்டு:

மெட்டிலேயே கை வைத்திருக்கிறானே தம்பி! அப்புறம் என்ன கேள்வி? இந்தப் பாட்டுக்கு ‘இசை’ என்ற இடத்தில் இரண்டு பெயர், அகர வரிசையில். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் திருத்தக் கோரிக்கை போட்டால் மாற்றித் தருவார்கள், கொஞ்ச நாள் ஆகும். அதற்காக வெப் சீரிஸ் கையெழுத்தைத் தள்ளிப்போட்டாலும் தப்பில்லை.

பழையவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வாய்ஸ் நோட்டுகள் போனில் இருக்கும் அல்லவா? அதையும் கடைசி மிக்ஸையும் அடுத்தடுத்து ஓடவிட்டால் யார் எதைக் கொண்டுவந்தது என்று தெரிந்துவிடும். வெறும் ரிதமும் கார்டும் மட்டும் சேர்ந்த பாட்டுகளுக்குப் புரோகிராமிங், அரேஞ்ச்மென்ட் என்று போட்டால் அவனே ஒத்துக்கொள்வான். இனிமேல் மிக்ஸ் முடிந்த அன்றைக்கே பாட்டின் பெயர், வரி யார், இசை யார், எத்தனை சதவீதம், ரிக்கார்டிங் யாருக்கு என்று ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு கையெழுத்து.

வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள், வளசரவாக்கத்துக்கு நேரில் போங்கள். போகும்போது அந்தப் பிட்டுக்கு சின்தசைசரில் எந்தப் பேட்ச் (ஒலி அமைப்பு) போட்டான் என்று கேட்டு வந்து சொல்லுங்கள், எனக்கும் வேண்டும்.